ஊர் காலியாகிவிட்டது, பழைய கோயில் நிற்கிறது: இடிக்காமல் என்ன செய்யலாம்?

ஊருணிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். தேவகோட்டைக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பங்குப் பேரவையில் (கோயில் காரியம் பார்க்கும் குழு) இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருப்பதால் ஊர்ப் பெயரைப் போடவில்லை. அந்தோணியார் கோயில் ஒன்று இருக்கிறது. என் தாத்தா அதில் உபதேசியார். மாதம் ஒரு தடவை சாமியார் மாட்டுவண்டியில் வந்து பூசை வைப்பாராம், மற்ற ஞாயிறெல்லாம் தாத்தாதான் மணி அடித்து, செபம் சொல்லிவைத்து, சண்டை தீர்த்து அனுப்புவார்.

இப்போது ஊரில் ஏழெட்டு வீட்டில்தான் விளக்கு எரிகிறது. திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், சவூதி என்று போனவர்கள் போக, மிச்சப் பேர் மெயின்ரோட்டு ஓரமாக வீடு கட்டி நகர்ந்துவிட்டார்கள். அங்கேயே கான்கிரீட்டில் புதுக் கோயிலும் வந்துவிட்டது. சுரூபத்தை அங்கே எடுத்துப் போய்விட்டோம். பழைய கோயிலில் கொரோனாவுக்கு முன்னால் பூசை நடந்ததோடு சரி. வெளிநாட்டில் ஆள் இல்லாமல் சர்ச்சுகளை மூடுகிறார்கள் என்று படிக்கிறோம். எங்கள் கதை வேறு. சாமி கும்பிடுவதை யாரும் விடவில்லை, திருவிழா அசனத்துக்கு இன்றைக்கும் அண்டா பற்றாது. ஊர்தான் இடம் மாறிவிட்டது.

கட்டடம் பெரியதில்லை. நாற்பதடி நீளம், பதினெட்டடி அகலம் இருக்கும். செம்புராங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே சீமை ஓடு. உத்திரமும் கைமரமும் பர்மா தேக்கு. தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீடு கட்டி மிஞ்சிய மரத்தைக் கொடுத்தார் என்பது ஊர்ப் பேச்சு. தரை முழுக்கச் சிமெண்ட்டுதான், பீடத்துக்கு முன்னால் மட்டும் இரண்டு வரிசை பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல். நன்மை (நற்கருணை) வாங்க முழங்கால் போட்டுப் போட்டு, முன் வரிசைக் கல்லில் பூவெல்லாம் அழிந்து வெறும் சாம்பல் நிறமாகக் கிடக்கிறது. பின் வரிசையில் சிவப்பும் பச்சையும் இன்னும் பளிச்சென்று இருக்கும்.

பேரவையில் மூன்று யோசனை ஓடுகிறது. ஒன்று, இடித்துவிட்டு நாலு கடை கட்டி வாடகைக்கு விடுவது. இரண்டு, மரத்தைப் பழஞ்சாமான் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்று, அந்தக் காசில் புதுக் கோயிலுக்குக் கோபுரம் கட்டுவது. மூன்று, பந்தல் சாமான் போட்டுவைக்கும் குடோன். ஏற்கெனவே ஒரு மரக்கடைக்காரர் டேப்போடு வந்து உத்திரத்தை அளந்துவிட்டுப் போனார். அளந்த பிறகு கதவையும் தட்டிப் பார்த்தார்.

என் மனசில் இருப்பது படிப்பகம். சுற்று வட்டாரத்தில் குரூப் 4, போலீஸ் தேர்வு என்று படிக்கிற பிள்ளைகள் நிறைய. வீட்டில் டி.வி. சத்தம். தேவகோட்டையில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு நோட்ஸ் எடுக்க வருகிற பிள்ளைகள், மெஷின் ஓடுகிற நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

மூன்று விஷயம் தெரியவேண்டும். வெளிநாடுகளில் இப்படிப்பட்ட கோயில்களை என்னதான் செய்கிறார்கள்? திருச்சபைச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா? பூட்டிக் கிடக்கிற கட்டடத்தில் முதலில் எதைப் பார்க்கவேண்டும்?

கண்டனூரான், லண்டன்:

அண்ணே, வணக்கம். நான் கும்பிடப் போகும் அம்மன் கோயிலே பழைய சேப்பல்தான், அதாவது சின்ன சர்ச். மேற்கு ஈலிங் கனகதுர்க்கை அம்மன். தெருவுக்குப் பெயர் இன்னும் சேப்பல் ரோடு. கோடையில் தேர் இழுக்கும்போது வெள்ளைக்காரப் பாட்டிகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தேங்காய் உடைப்பதைப் பார்ப்பார்கள். நம் ஆட்கள் இங்கே கோயில் வைக்க இடம் தேடியபோது இப்படிக் காலியாக இருந்த சேப்பல்களும் சர்ச் ஹால்களும்தான் கைக்கு எட்டின.

கிழக்கு லண்டனில் பிரிக் லேன் என்று ஒரு தெரு. அங்கே முனையில் இருக்கும் கட்டடத்தை 1743ல் பிரான்சிலிருந்து தப்பி வந்த புராட்டஸ்டண்ட் அகதிகள் தங்கள் கோயிலாகக் கட்டினார்கள். பிறகு மெத்தடிஸ்ட்காரர்கள் கைக்குப் போனது. 1898ல் யூதர்களின் ஜெப ஆலயம். 1976லிருந்து பங்களாதேஷ்காரர்களின் பள்ளிவாசல். அந்தப் பகுதிக்கு யார் குடிவந்தார்களோ அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் ஊரில் யாரும் புதிதாகக் குடிவரப் போவதில்லை என்பதால் அந்த வழி உங்களுக்கு உதவாது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மற்றபடி எல்லாம் நடக்கிறது. மான்செஸ்டரில் செயின்ட் பெனடிக்ட் சர்ச்சுக்குள் பிள்ளைகள் கயிறு கட்டிச் சுவர் ஏறிப் பழகுகிறார்கள். பிரிஸ்டலில் செயின்ட் பால் சர்ச் சர்க்கஸ் பள்ளி. உயரமான கூரை இருந்தால்தானே ஊஞ்சல் வித்தை பழக முடியும்? சர்ச்சில் இருக்கிற உயரம் வேறு எங்கே கிடைக்கும்? அப்புறம் நிறைய சர்ச்சுகள் அடுக்கு வீடாகிவிட்டன. எனக்குப் பிடிக்காதது அதுதான். ஒரே ஜன்னலில் கீழ்ப் பாதி கீழ்வீட்டுக்கு, மேல் பாதி மேல்வீட்டுக்கு என்று நடுவில் தளம் போட்டு அறுத்துவிடுவார்கள். கண்ணாடியில் இருக்கிற புனிதரின் கால் ஒரு குடித்தனத்தின் அடுப்படியில் இருக்கும், தலை இன்னொருத்தர் படுக்கையறையில் இருக்கும்.

உங்களுக்குப் பயன்படும் என்று நினைப்பது மாஸ்ட்ரிக்ட். நெதர்லாந்தில் இருக்கிற ஊர். 1294ல் அபிஷேகம் செய்த டொமினிக்கன் சபைக் கோயில். 1794ல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்த பிறகு அங்கே வழிபாடு நின்றது. இருநூறு வருஷத்துக்கு மேல் கிடங்கு, சைக்கிள் நிறுத்தும் இடம் என்று என்னென்னவோ ஆனது. 2006 கடைசியில் புத்தகக் கடை வந்தது. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கமாகக் கருப்பு இரும்பில் மாடி மாடியாகப் பெரிய அலமாரி, படியேறி மேலே போனால் கூரை ஓவியம் கிட்டத்தில் தெரிகிறது. அந்த இரும்புச் சட்டம் பழைய சுவரில் மாட்டாமல் தனியாகத் தன் காலில் நிற்கிறது. நாளைக்கு வேண்டாம் என்றால் திருகாணியைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம், கோயில் கோயிலாகவே இருக்கும். கடையை நடத்திய பெரிய நிறுவனம் பின்னால் திவாலானது. 2014ல் வாசகர்களிடம் பணம் திரட்டித் தனிக் கடையாக மீட்டுவிட்டார்கள்.

அதே நாட்டில் வுக்ட் என்ற ஊரில் செயின்ட் பீட்டர் கோயிலை 2018ல் நூலகமாக்கினார்கள். அங்கே அலமாரிகள் தண்டவாளத்தில் ஓடும். கூட்டம், கச்சேரி என்றால் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். உங்கள் படிப்பக யோசனைக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

நேர்ப்பேச்சு:

கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் எதிர்க்கட்சி. மாஸ்ட்ரிக்ட்டுக்கு உலகம் பூரா ஆள் வருகிறான். உங்கள் ஊருக்குப் பஸ்ஸே வருகிறதோ என்னவோ. எங்கள் ஊரில் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் அப்பா பேரில் நூலகம் கட்டினார். திறப்பு விழாவுக்கு ஆள் உயரத்துக்கு பேனர். ஆறே மாதம், அப்புறம் பூட்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் பேப்பர் கட்டுக்கூடப் பிரிக்காமல் கிடக்கிறது. கரண்ட் பில் யார் கட்டுவது, விளக்குமாறு யார் பிடிப்பது என்று கேட்டால் எல்லாரும் பாரம்பரியம் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். மரத்தை விற்றுக் காசாக்கி உயிரோடு இருக்கிற கோயிலுக்குச் செலவழிப்பதில் என்ன தப்பு?

ஊருணிக்கரை:

பஸ் வருகிறது, ஒரு நாளைக்கு மூன்று தடவை :) நீங்கள் சொல்கிற பூட்டு எனக்கும் பயம்தான். ஆனால் ஒன்று. ஏழெட்டு வீடு இருக்கிற ஊரில் நாலு கடை கட்டினால் வாடகைக்கு வருகிறவர் யார்? அதைப் பேரவையில் கேட்டேன். "பின்னாடி ஊர் வளரும்" என்றார்கள். ஊர் வளரும் என்றால் கோயிலை ஏன் இடிக்கவேண்டும் என்று கேட்டதற்கு டீ வந்துவிட்டது.

சுண்ணாம்பு மேஸ்திரி:

காரைக்குடி. பழைய வீடு பழுது பார்ப்பதுதான் தொழில், அப்பா காலத்திலிருந்து. கானாடுகாத்தான், கோத்தமங்கலம், கடியாபட்டி பக்கம் வீடுகளை ஓட்டலாக மாற்றுகிற வேலையும் கொஞ்சம் செய்திருக்கிறேன். அதனால் பயன்பாடு பற்றிக் கடைசியில் பேசுகிறேன். முதலில் ஓடு.

சீமை ஓட்டில் ஒன்று நழுவினால் போதும், அதன் கீழ் ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் சட்டம் நனையும். ரீப்பர் தேக்கு இல்லை, எதையாவது போட்டிருப்பார்கள், முதலில் உளுப்பது அதுதான். பிறகு கைமரத்தின் நுனி, சுவருக்குள் போகிற இடம். வெளியில் பார்க்க இரும்பு மாதிரி இருக்கும், உள்ளே நுனி மட்டும் பஞ்சாகியிருக்கும். ஆள் ஏறி, சுவரை ஒட்டி ஒவ்வொரு கைமரத்தையும் உளியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்க்கவேண்டும். கணீர் என்றால் நல்லது. பொத்தென்றால் அந்த முனையை மட்டும் அறுத்து வேறு தேக்கு ஒட்டிப் போடலாம், முழு மரத்தையும் எடுக்க வேண்டியதில்லை. வியாபாரி வந்து "எல்லாம் போச்சு, இறக்கிடலாம்" என்பார். நம்பாதீர்கள். போன மரத்துக்கு அவர் எதற்கு டேப்போடு வருகிறார்?

இரண்டாவது சுவர். கீழே மூன்றடி உயரத்துக்கு யாராவது சிமெண்ட் பூசியிருக்கிறார்களா பாருங்கள். நல்லெண்ணத்தில்தான் பூசியிருப்பார்கள். செம்புராங்கல் தரையிலிருந்து ஈரம் இழுக்கும், சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. ஈரம் சிமெண்ட்டுக்கு மேலே ஏறிப் போய், அதற்கு மேல் இருக்கிற நல்ல பூச்சை உதிர்க்கும். அப்படி இருந்தால் சிமெண்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு மழைக்காலம் சும்மா விடுங்கள். காய்ந்த பிறகு சுண்ணாம்பு. கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் விட்டுப் புளிக்கவைத்த கலவையாக இருந்தால் நல்லது. முட்டை வெள்ளைக்கரு போட்டுக் கண்ணாடி மாதிரி தேய்ப்பதெல்லாம் செட்டியார் வீட்டு வளவுக்கு. உங்கள் கோயிலுக்கு அது வேண்டாம், காசுதான் போகும். சுற்றி மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஊருணிக்குப் போகிறதா, அடைத்துக்கொண்டு சுவரோரம் தேங்குகிறதா என்பதையும் பாருங்கள். பாதி வியாதி அங்கேதான்.

மேலே லண்டன் தம்பி சொன்ன இரும்பு அலமாரி, அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எங்கள் பக்கம் வீடு ஓட்டலாகும்போது முதல் சண்டை கழிப்பறையில்தான் வரும். பழைய வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் கழிப்பறை வேண்டுமென்றால் சுவருக்குள் குழாய் போகணும். சுவரை வெட்டினால் அப்புறம் ஈரம் உள்ளிருந்து வரும். நல்லபடி செய்தவர்கள் பின்கட்டில் தனியாகக் கட்டினார்கள். நீங்களும் கழிப்பறையைக் கோயிலை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். மின்சார ஒயரைச் சுவரில் புதைக்காமல் வெளியே குழாயில் கொண்டுபோங்கள். மேசை, அலமாரி எதுவும் சுவரைத் தொடவேண்டாம், அரையடி இடைவெளி விடுங்கள். கறையான் வரி ஏறினால் கண்ணுக்குத் தெரியும்.

மரத்தைப் பற்றி. முனீஸ்வரன் கோயில் தெருவில் எனக்கு ரொம்பப் பேர் பழக்கம், அவர்கள் மேல் குற்றம் சொல்லவில்லை, அது அவர்கள் பிழைப்பு. விற்கிறவர்களுக்குத்தான் கணக்குத் தெரியவில்லை. கூரையைப் பிரித்தால் மரத்துக்குக் காசு வரும், சரி. அதற்கப்புறம் மொட்டைச் சுவர் இரண்டு மழை தாங்காது. அப்போது கல்லும் விலைபோகும், மனையும் விலைபோகும். எங்கள் பக்கம் எத்தனை வீடு ஒரு கதவில் ஆரம்பித்து வெறும் மனையில் முடிந்தது என்று எனக்குத் தெரியும்.

மறைக்கல்வி டீச்சர்:

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை நான், பல வருடம் மறைக்கல்வி எடுத்தவள். இந்த விஷயம் எங்கள் பங்கிலும் ஒரு தடவை வந்ததால் தேடிப் படித்தேன்.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1222ஆவது சட்டம்தான் முக்கியம். ஒரு கோயிலை இனி வழிபாட்டுக்குப் பயன்படுத்தவே முடியாது, பழுது பார்க்கவும் வழியில்லை என்றால், ஆயர் அதை உலகியல் பயன்பாட்டுக்கு விடலாம். வேறு கனமான காரணம் இருந்தாலும் விடலாம். ஆனால் அப்போது குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்கவேண்டும், அந்தக் கோயிலில் முறையான உரிமை உள்ளவர்களின் சம்மதம் வேண்டும், மக்களின் ஆன்ம நலனுக்குக் கேடு வரக்கூடாது. பயன்பாடு இழிவானதாக இருக்கக்கூடாது என்பது இரண்டு வகைக்கும் பொது. நியூயார்க்கில் ஒரு பழைய எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) கோயில் 1980களில் லைம்லைட் என்ற இரவு நடனக் கூடமானது. கத்தோலிக்கக் கோயிலென்றால் அந்த மாதிரி வேலைக்கு இந்தச் சட்டமே குறுக்கே நிற்கும். படிப்பகத்தை யாரும் இழிவு என்று சொல்ல முடியாது.

ஆக, முடிவெடுப்பது பேரவை அல்ல, பங்குச் சாமியாரும் அல்ல. ஆயர். மறைமாவட்டத்திலிருந்து எழுத்தில் வராமல் ஒரு ஓட்டைக்கூட இறக்கக்கூடாது என்பதைப் பேரவையில் முதலில் சொல்லுங்கள். மரக்கடைக்காரர் விஷயம் அதோடு நிற்கும்.

இன்னொன்று பீடம். கோயில் உலகியல் பயன்பாட்டுக்குப் போனாலும் பீடம் அதன் அர்ச்சிப்பை இழப்பதில்லை, 1238இல் இருக்கிறது. பழைய பீடங்களில் புனிதரின் திருப்பண்டம் (எலும்பு போன்ற எச்சம்) வைத்த கல் பதித்திருப்பார்கள். உங்கள் பீடத்தின் மேல் நடுவில் சதுரமாக ஒரு கல் தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் யாரும் கைவைக்காமல் சாமியாரிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் அதன்மேல் ரெக்கார்டு நோட்டு வைத்து எழுதுகிற நிலை வரக்கூடாது பாருங்கள். சிலுவைப்பாதைப் படங்கள், தீர்த்தத் தொட்டி, மணி இவற்றுக்கும் ஒரு பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இதெல்லாம் காணாமல் போகிற வேகம் எனக்குத் தெரியும்.

என் யோசனை: பீடம் இருக்கும் பகுதியை மடிப்புக் கதவு போட்டுப் பிரித்து அப்படியே சிற்றாலயமாக வைத்துக்கொள்ள முடியுமா, மக்கள் உட்காரும் பகுதியை மட்டும் படிப்பகமாக விட முடியுமா என்று ஆயரிடம் கேட்டுப் பாருங்கள். 2018இல் ரோமில் இதற்காகவே ஒரு மாநாடு கூட்டி, மூடப்படும் கோயில்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். வியாபாரத்தை விட ஊர்ப் பொதுவுக்கான பயன்பாட்டைத்தான் அவர்களும் விரும்புகிறார்கள். சாமியாருக்கு அது தெரிந்திருக்கும், இல்லையென்றால் நீங்கள் சொல்லுங்கள்.

கண்டனூரான், லண்டன்:

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இங்கிலாந்து அரசும் ஆங்கிலிக்கன் திருச்சபையும் சேர்ந்து 1969ல் ஓர் அமைப்பு வைத்தார்கள். இப்போது சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட் என்று பெயர். வழக்கமான வழிபாடு நின்றுபோன 350க்கு மேற்பட்ட சர்ச்சுகள் அவர்கள் பொறுப்பில். அவற்றில் பெரும்பாலானவை அர்ச்சிப்பு நீங்காமலே இருக்கின்றன, வருஷத்தில் சில நாள் ஆராதனை உண்டு, மற்ற நாள் கச்சேரி, கண்காட்சி. கோடையில் சில சர்ச்சுக்குள் கட்டில் போட்டு ராத்தங்க விடுகிறார்கள், வாடகைக்கு. எங்கள் ஆபீஸ்காரர் ஒருவர் குடும்பத்தோடு போய்த் தூங்கிவிட்டு வந்தார். குளிர் என்றார், வேறு குறை சொல்லவில்லை. சாவி வைத்திருப்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டு ஆள்தான்.

வளவு வீட்டு ஆச்சி:

தம்பி, நான் உங்கள் மதம் இல்லை, ஆனாலும் எழுதலாம் அல்லவா? எங்கள் வீட்டுக் கதையும் இதேதான். எங்கள் ஐயா கட்டிய வீடு. இன்றைக்குப் பதினாலு புள்ளி, அதாவது பதினாலு குடும்பம், பங்கு. ஒருத்தர் கோலாலம்பூர், ஒருத்தர் நியூஜெர்சி, நான் மட்டும் காரைக்குடியில். முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வீடு திறப்போம். மற்ற நாள் பூட்டு. முகப்பிலிருந்து பின்கட்டு வரை வௌவால் வாடை.

பக்கத்து வீட்டில் பங்காளிகள் ஒத்துவராமல் விற்றார்கள். கதவு தனி, தூண் தனி, பெல்ஜியம் கண்ணாடி தனி என்று லாரியில் போனது. அந்த வீட்டுக்காரர்களுக்கு இப்போது படைப்புக்கு இடமில்லை. வாடகைக்கு மண்டபம் பிடித்துச் செய்கிறார்கள். வந்துபோகிற பிள்ளைகளுக்கு, "இது யார் வீடு?" என்று கேட்க ஒரு நிலைப்படிகூட இல்லை.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், முகப்பையும் அடுத்த பட்டாலையையும் கொட்டான் (பனையோலைக் கூடை) முடைகிற பெண்களுக்குக் கொடுத்தோம். வாடகை பெயருக்குத்தான். ஓலையைச் சாயம் போட்டுக் காயவைக்க நிழல் வேண்டும், அவர்களுக்கு முகப்பு சௌகரியம். காலையில் வந்து கூட்டி, தண்ணீர் தெளித்துத்தான் உட்காருவார்கள். போன ஐப்பசியில் ஓடு நழுவி ஒழுகியதை அன்றைக்கே போன் பண்ணிச் சொன்னது அவர்கள்தான். நாங்களாக இருந்தால் படைப்புக்கு வரும்போதுதான் பார்த்திருப்போம், அதற்குள் கட்டையில் காளான் முளைத்திருக்கும்.

ஆனால் கொடுக்கும்போதே எழுதிக்கொண்டோம். படைப்புக்கு முன்னும் பின்னும் நாலு நாள் முழு வீடும் எங்களுக்கு. அந்த நாலு நாள் ஓலை எல்லாம் மேலே ஏற்றிவிடுவார்கள். முதல் வருஷம் ஒரு பங்காளி, "வெளியாள் புழங்குகிற இடத்தில் படைப்பா?" என்று முகத்தைத் தூக்கினார். அடுத்த வருஷம் வீடு சுத்தமாக இருந்ததைப் பார்த்துப் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். உங்கள் அந்தோணியார் திருநாளையும் கல்லறைத் திருநாளையும் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் யாரும் விட்டுத்தர மாட்டார்கள்.

நேர்ப்பேச்சு:

ஆச்சி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், அங்கே கூட்டுகிறவர்களுக்கு அந்த இடத்தால் பிழைப்பு நடக்கிறது. படிப்பகத்தில் யாருக்குப் பிழைப்பு? என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஊருணிக்கரை:

நியாயமான கேள்வி. நேற்று சாயங்காலம் இரண்டு பேரைப் பார்த்தேன். ஒருவர் கோயிலுக்கு எதிர் வீட்டு அக்கா, தையல் மெஷின் இரண்டு வைத்துப் பள்ளிச் சீருடை தைக்கிறவர். வீட்டில் இடம் போதவில்லை. கோயிலுக்குப் பின்னால் உபதேசியார் வீடு ஒன்று இருக்கிறது, என் தாத்தா இருந்த வீடு, இரண்டு அறை, ஓடு பரவாயில்லை. அதை அவருக்குத் தையல் வேலைக்குக் கொடுத்து, வாடகைக்குப் பதில் கோயிலைத் திறந்து கூட்டிப் பூட்டுவது அவர் பொறுப்பு என்று பேசினால் ஒப்புக்கொள்வார். சாவி அவர் வீட்டு ஆணியில்தான் இப்போதே தொங்குகிறது.

இன்னொருவர் புதுக் கோயில் இளைஞர் மன்றத் தம்பி. மூன்று தடவை குரூப் 4 எழுதி இந்தத் தடவை தேறி வேலைக்குக் காத்திருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்து பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வு வைக்கிறேன் என்கிறார். நோட்ஸ் ஜெராக்ஸ் என் கடையில், பேப்பர் காசு மட்டும். கரண்ட் பில்லுக்குச் சிங்கப்பூரில் இருக்கிற என் மச்சான் ஒரு வருஷத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டாம் வருஷம் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியாது. ஆனால் நாலு கடைக்கு முதல் வருஷத்துக்கே பதில் இல்லை.

டீச்சர், பீடத்தில் அந்தச் சதுரக் கல் இருக்கிறது. சுற்றிலும் சுண்ணாம்பு அடித்து மறைத்திருக்கிறார்கள், விரலால் தடவினால் ஓரம் தட்டுப்படுகிறது. தொடாமல் வந்து சாமியாரிடம் சொல்லிவிட்டேன். அவரே மறைமாவட்டத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். மடிப்புக் கதவு யோசனை அவருக்குப் பிடித்திருக்கிறது. ஆத்தங்குடிக் கல் வரிசை கதவுக்கு எந்தப் பக்கம் வரும் என்பதுதான் இப்போது பிரச்சினை. பீடத்துப் பக்கமே இருக்கட்டும் என்றேன்.

மேஸ்திரி அண்ணே, கீழே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், நீங்கள் சொன்ன அதே மூன்றடி. அதற்கு மேல் ஒரு முழத்துக்குப் பூச்சு உதிர்ந்து செங்கல் நிறம் தெரிகிறது. ஒரு நாள் வந்து பார்க்க முடியுமா? பஸ் செலவும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. பேரவை அடுத்த ஞாயிறு கூடுகிறது. அதற்கு முன்னால் உத்திரம் நல்லது என்று உங்கள் வாயால் சொன்னால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

சுண்ணாம்பு மேஸ்திரி:

வியாழக்கிழமை வருகிறேன். பார்க்காமல் நல்லது என்று சொல்லமாட்டேன், தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். இருபதடி ஏணி ஒன்று வேண்டும், மூங்கில் ஏணி வேண்டாம். வௌவால் எச்சம் இருக்கும், மூக்கில் கட்ட ஒரு துண்டும். அரசு பழைய தேவாலயங்களைச் சீரமைக்க நிதி தருகிறது. கலெக்டர் ஆபீஸில் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். ஆனால் அது கோயிலுக்கான நிதி, படிப்பகத்துக்கு இல்லை. அதனால் ஆயருக்குப் போகிற மனுவில் எதை முதலில் கேட்பது என்பதைச் சாமியாரோடு உட்கார்ந்து யோசியுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் எடுத்து வையுங்கள், அதில்லாமல் எந்த ஆபீஸிலும் நாற்காலி போடமாட்டார்கள்.

மரக்கடைக்காரர் மறுபடி வந்தால் வியாழன் கழித்து வரச் சொல்லுங்கள்.